பையில் ஒரு கத்தி, ஒரு குறடு, ஒரு வெளிச்சம்

நூலகத்தில் எனக்கு எதிரே படித்துக்கொண்டிருந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடி திடீரென்று கழன்று விழுந்தது. சட்டம் மேசையில், கால் மடியில். இரண்டையும் இணைத்திருந்த திருகாணி தரையில் எங்கோ உருண்டுவிட்டது. எள்ளைவிடச் சற்றே பெரியது அது. அவர் குனிந்து கையால் துழாவினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தரையே சரியாகத் தெரியவில்லை.

“இருங்கள் ஐயா, நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்த சிறிய டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து எரியவிட்டேன். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தரையும் அதில் கிடப்பதும் ஒன்றாகக் கலந்துவிடும். பக்கவாட்டில் அடித்தால் தூசிக்குக்கூட நீண்ட நிழல் விழும். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய நிழல் நீண்டிருந்தது. அதன் முனையில் திருகாணி. பேனாக்கத்தியின் பிடிக்குள் செருகியிருந்த சாமணத்தால் அதை எடுத்துத் துளையில் நிறுத்தினேன். அந்தக் கத்தியில் பாட்டில் தக்கையை இழுக்கும் சுருள் ஒன்று உண்டு. அந்தச் சுருளுக்குள் ஒரு குட்டித் திருப்புளியைச் சுற்றி வைத்திருக்கிறேன். அதனால் நான்கு சுற்று. பெரியவர் விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார்.

இதில் கத்தியின் அலகு கடைசிவரை விரியவே இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். பையில் கத்தி வைத்திருக்கிறான் என்றதும் சண்டைக்குப் போகிறவனோ என்று பார்க்கிறவர்கள் உண்டு. பல ஆண்டுகளாக இவற்றைச் சுமந்துவருகிற எனக்குத் தெரிந்தவரை, இவற்றுக்கு எதிரிகள் ஐந்தே பேர்: திருகாணி, முடிச்சு, பொட்டலம், பிசிறு நூல், இருட்டு.

சாவி, பணப்பை, போன் மூன்றும் இல்லாமல் யாரும் வெளியே கிளம்புவதில்லை. அந்த வரிசையில் சில சின்னக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டு, எப்போதும் உடன் வைத்திருக்கும் பழக்கத்தை ஆங்கிலத்தில் ‘எவ்ரிடே கேரி’ என்கிறார்கள். சுருக்கமாக இ.டி.சி. இதில் முக்கியமான சொல் ‘எப்போதும்’. வீட்டு அலமாரியில் இருக்கும் அருமையான கருவிப்பெட்டி, வழியில் செருப்பு வார் அறுந்தவனுக்கு உதவாது. ஆகவே கனமானதும் உறுத்துவதும் இந்தப் பட்டியலில் நிலைக்காது. பத்தாம் நாள் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு துண்டுத்தாளை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ‘இப்போது கையில் இது இருந்திருந்தால்’ என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளைப் படித்தால், விளம்பரம் சொல்வதைவிடத் தெளிவாக உங்கள் தேவை தெரியும். என் தாளில் பாதிக்கு மேல் வெளிச்சம்தான் இருந்தது.

முதலில் வெளிச்சம்

கத்தி, குறடு, டார்ச் என்ற மூன்றில் ஒன்றைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் டார்ச்சை வாங்குங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. கத்தி தேவைப்படாத நாட்கள் உண்டு. இருட்டு இல்லாத நாள் இல்லை. அலமாரிக்குப் பின்னால் போகும் ஒயர், மீட்டர் பெட்டியின் எண், குழந்தையின் தொண்டை, கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரை என்று பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் இடங்கள் ஏராளம்.

போனில் வெளிச்சம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நாலு எட்டு தூரத்துக்குப் போதும். ஆனால் போனைத் தொட்டிக்கு அடியில் நுழைத்துக் குழாய் மூட்டைப் பார்க்க முடியாது. சட்டைப்பையில் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் வேலை செய்வதும் கடினம். மின்சாரம் போன இரவில் யாரையாவது அழைக்க வேண்டிய பேட்டரியைத்தான் அந்த வெளிச்சமும் தின்கிறது.

1899-ல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவரின் குழாய் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. அன்றைய பேட்டரிக்கும் கரி இழை பல்புக்கும் தொடர்ந்து எரியும் வலு இல்லை. சற்று மின்னவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் இன்றும் அதை ‘ஃப்ளாஷ்லைட்’ என்று சொல்வது அதனால்தான். எல்இடி வந்த பிறகு, ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரியில் மணிக்கணக்காக எரியும் விளக்கு விரல் நீளத்தில் கிடைக்கிறது.

புதிதாக வாங்குபவரை மயக்குவது அட்டையில் அச்சிட்ட லூமன் எண். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800. இன்னோர் எண்ணும் இருக்கும், கேண்டெலா. அது, வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைச் சொல்வது. ஒரு வாளித் தண்ணீரை முற்றம் முழுக்கத் தெளிக்கலாம். அதே அளவு தண்ணீரைக் குழாய் முனையை விரலால் அடைத்துத் தூரத்துச் செடிவரை பீய்ச்சலாம். தண்ணீரின் அளவு லூமன் என்றால் பீய்ச்சலின் வேகம் கேண்டெலா. கைக்கெட்டும் தூரத்து வேலைக்குத் தெளிக்கும் விளக்கே நல்லது. குறுகலாகப் பாய்கிற விளக்கில் நடுவே கண்ணைக் கூசும் வட்டமும் சுற்றிலும் கருப்புமாக இருக்கும். சமையலறைத் தொட்டிக்கடியில் அது தொல்லை.

அட்டையில் ‘200 மீட்டர்’ என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் முழுநிலவின் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) மங்கிப்போகும் இடம்தான் அந்தத் தூரம். அங்கே ஓர் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. நான் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். எரியும் நேரத்திலும் இதுபோல் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிவதாகவே கணக்கிடுவது இந்தத் துறையின் வழக்கம். 1,000 லூமன், 2 மணி நேரம் என்று அச்சிட்ட சின்ன டார்ச், சில நிமிடங்களிலேயே சூடு தாங்காமல் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மீதி நேரமெல்லாம் அதைவிட எவ்வளவோ மங்கலாகத்தான் எரியும். ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர் இதை எடுத்துச் சொல்வதில்லை.

உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டியது மிகக் கூடுதலான வெளிச்சத்தை அல்ல, மிகக் குறைவானதை. நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்கள். பக்கத்தில் தூங்குபவர் விழிக்கக் கூடாது; உங்கள் கண்ணும் கூசக் கூடாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒரு நொடிப் பளீரில் அது அத்தனையும் போய்விடும். ஒன்று முதல் ஐந்து லூமன்வரை இறங்கும் டார்ச்சில் நடந்துபோகலாம், பாட்டிலைத் திறக்கலாம், திரும்பி வந்து படுக்கலாம். இரவு முழுக்க மின்சாரம் இல்லாவிட்டாலும் அந்த அளவில் அது தாக்குப்பிடிக்கும். எரியவிட்டதும் முதலில் மங்கலாகத் தொடங்கி, மறுபடி அழுத்தினால் கூடும் விளக்கைத் தேடி வாங்குங்கள்.

நிறமும் முக்கியம். மலிவான எல்இடியின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரியும். நிறங்களைக் காட்டும் திறனுக்குச் சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. சூரிய வெளிச்சம் 100. 90-க்கு மேல் உள்ள டார்ச்சில் தோலில் ஏறிய முள்கூடச் சுற்றியுள்ள சிவப்போடு தெளிவாகத் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவசரத்துக்கு என்று ஒரு நல்ல டார்ச்சில் சாதாரண அல்கலைன் பேட்டரி போட்டு, இழுப்பறையில் வைத்து மறந்துவிட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து, புயல் அடித்த ஓர் இரவில் எடுத்து அழுத்தினால் உயிர் இல்லை. மூடியைத் திருகினால் திரும்பவில்லை. மறுநாள் காலையில் இரண்டு குறடு பிடித்துத் திறந்தபோது உள்ளே உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படிவம். ஸ்பிரிங் அரித்து உதிர்ந்திருந்தது. அல்கலைன் பேட்டரிக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து செய்த வேலை அது. தொடக்க நிலையாக இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் தப்பிக்கலாம். அன்றிலிருந்து இழுப்பறை டார்ச்சில் பேட்டரியை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன். தினமும் பையில் இருப்பதற்கு நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரிதான். அது கசிவது அரிது.

லித்தியம் அயனி பேட்டரியில் இயங்கும் டார்ச்சுகள் இன்னும் வலுவானவை. அவற்றில் பரவலானது 18650. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அந்தப் பேட்டரியைத் தனியாகச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடவே போடாதீர்கள். சாவி இரு முனைகளையும் இணைத்துவிட்டால் கொதிக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். வலுவான டார்ச் பைக்குள் தானாக எரியத் தொடங்கினாலும் துணி கருகும். பல டார்ச்சுகளில் வால்பக்க மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். பையில் போடும்போது அப்படிச் செய்யலாம்.

கத்தி

தமிழில் நாம் பேனாக்கத்தி என்று சொல்வதற்குள் ஒரு பழைய மேசை ஒளிந்திருக்கிறது. இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் அதன் முனை அடிக்கடி தேயும். அதைச் சீவிக் கூராக்க எழுதுபவர் பக்கத்திலேயே ஒரு சிறு கத்தியை வைத்திருந்தார். பேனா மாறிவிட்டது, கத்தியின் பெயர் நின்றுவிட்டது. எழுத்தரின் கருவியாக இருந்த அந்தக் குணத்தை மனத்தில் வைத்தே ஒரு கத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அலகு 5 முதல் 7 சென்டிமீட்டர் இருந்தால் அன்றாட வேலை எல்லாம் முடிந்துவிடும். பெட்டியின் ஒட்டுநாடா, சணல், பழம், பென்சில், சட்டைப் பட்டனில் தொங்கும் நூல். இதற்கெல்லாம் நீளம் தேவையில்லை, கூர்மைதான் தேவை.

மடக்குக் கத்தியில் இரண்டு குடும்பங்கள். ஒன்றில் முதுகுப்பக்கம் உள்ள ஸ்பிரிங்தான் அலகை விரித்த நிலையில் நிறுத்துகிறது. அழுத்தி மடக்கினால் மடங்கிவிடும். பாரம்பரியப் பேனாக்கத்தி இந்த வகை. இன்னொன்றில் விரித்ததும் ஒரு பூட்டு விழும். அதை விலக்காமல் மடங்காது. பூட்டு உள்ளது பத்திரம் என்று தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் பூட்டில்லாத கத்தி கைக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது: அலகின் முதுகில் பாரம் ஏற்றாதே, முனையால் குத்தாதே, நெம்பாதே. இந்த மூன்றையும் செய்யாதவனுடைய விரலில் கத்தி மடங்குவதில்லை. பூட்டுள்ள கத்தியை மடக்கும்போது, பூட்டை விலக்கும் கட்டைவிரல் அலகு வரும் பாதையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வெட்டும்போது கத்தி உங்களை விட்டு விலகிப் போகட்டும். அது நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் தொடையோ இடது கையோ இருக்கக் கூடாது. கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள்.

மழுங்கிய கத்திதான் ஆபத்து என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. கூரான கத்தி தன் எடையிலேயே இறங்கும். மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தம் மிகும்போது நழுவும், நழுவினால் அத்தனை வேகத்தோடும் போய் எதன்மீதோ பாயும். ஆகவே தீட்டக் கற்றுக்கொள்வது கத்தி வைத்திருப்பதில் பாதி.

சாணைக்கல்லை நனைத்து, கீழே ஈரத்துணி போட்டு நகராமல் வையுங்கள். அலகுக்கும் கல்லுக்கும் இடையே சுமார் 20 டிகிரி கோணம் வேண்டும். கோணமானி தேவையில்லை. ஒரு தாளின் மூலையை இரண்டாக மடித்தால் 45, மறுபடி மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, அலகை அதன் சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். கல்லிலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுப்பதுபோல, அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. அழுத்தம் வேண்டாம், கோணம் மாறாமல் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு, மறுபக்கத்தில் கட்டைவிரலை அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி மெல்லத் தடவுங்கள். விளிம்போடு ஒட்டி நெடுக ஓடக் கூடாது, வெட்டிவிடும். அங்கே நகத்தில் இடறுவதுபோல ஒரு பிசிறு தட்டுப்படும். எஃகு விளிம்பு தாண்டி மடிந்துவிட்டது, அந்தப் பக்கம் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பிசிறு வராமல் பக்கம் மாற்றுவதால்தான் பலருடைய கத்தி எத்தனை தீட்டினாலும் கூர் ஏறுவதில்லை. மறுபக்கமும் அதே வேலை. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக, இறகுபோல் லேசாகச் சில இழுப்பு. பிறகு ஒரு தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்குங்கள். கிழிகிற சத்தம் வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. ‘ஸ்ஸ்’ என்று வழுக்கிக்கொண்டு இறங்கினால் முடிந்தது. முதன்முறை அந்தச் சத்தம் வந்தபோது நான் அந்தத் தாள் தீரும்வரை வெட்டிக்கொண்டே இருந்தேன்.

பையில் கிடக்கும் கத்திக்குள் நூலும் தூசியும் சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கைந்து முறை விரித்து மடக்கி, நன்றாக உலரவிட்டு, கீலில் ஒரு சொட்டு எண்ணெய். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பி ஈரத்தோடு மடக்கி வைத்தால் அதுவும் புள்ளி விழும்.

குறடு

பல கருவிகளை ஒரே பிடிக்குள் மடக்கி, மல்டி டூல் என்று இன்று விற்பவற்றுக்கு இரண்டு பூர்வீகம். ஒன்று சுவிட்சர்லாந்து. 1890-களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட கத்தியில் அலகோடு தகரத் திறப்பான், குத்தூசி, திருப்புளி இருந்தன. திருப்புளி அவர்களுடைய துப்பாக்கியைக் கழற்றுவதற்கு. கார்ல் எல்செனர் என்ற கத்தித் தொழிலாளி 1897-ல் அதன் மேம்பட்ட வடிவத்தைப் பதிவுசெய்தார். ஒரே முதுகு ஸ்பிரிங்கின் இரு பக்கமும் கருவிகளைப் பொருத்தியது அவருடைய சாமர்த்தியம். கத்தி தடிக்காமல் கருவிகள் கூடின. இன்று சிவப்புப் பிடியோடு உலகமெங்கும் தெரியும் விக்டோரினாக்ஸ் கத்தி அதன் வாரிசு.

இன்னொன்று அமெரிக்கா. டிம் லெதர்மன் 1975-ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் நின்றது, விடுதிக் குழாய்கள் ஒழுகின. பையில் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பியவர் குறடும் உள்ள ஒரு கத்தியைச் செய்ய உட்கார்ந்தார். அது விற்பனைக்கு வந்தது 1983-ல். அவர் செய்த முக்கியமான மாற்றம், கத்தியோடு குறட்டைச் சேர்த்தது என்பதைவிட, குறட்டை நடுவில் வைத்து மற்றவற்றைக் கைப்பிடிக்குள் ஒளித்தது என்பதுதான்.

கை விரலால் முடியாத ஒன்றைத்தான் குறடு செய்கிறது: பிடித்து, விடாமல் இருப்பது. சூடான கம்பி, சிக்கிய ஜிப், தலை தேய்ந்த ஆணி. சுவிஸ் வகை மெலிது, குறடு வகை கனம். முழு அளவுக் குறடு 200 கிராமைத் தாண்டும். நாள் முழுக்க மேசையில் இருப்பவருக்குச் சாவிக்கொத்தில் தொங்கும், சுமார் 20 கிராம் எடையுள்ள குட்டிச் சுவிஸ் கத்தியே தாராளம். அதன் கத்தரிக்கோலை ஒருமுறை பழகியவர்கள் விடுவதில்லை. மிதிவண்டி, இயந்திரம், வீட்டுப் பழுது என்று அலைபவருக்குக் குறடு. ஒரு எச்சரிக்கை: இவற்றின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் உலோகம். மின்சாரம் ஓடும் ஒயரை இதனால் தொடவே கூடாது.

சட்டமும் பயணமும்

கத்தி வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம். பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தாலே தக்க காரணம் வேண்டும். ஜப்பானில் 6 சென்டிமீட்டரைத் தாண்டிய அலகை நியாயமான காரணமின்றி வெளியே கொண்டுபோக முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். எங்கும் பொதுவானது ஒன்று உண்டு: பள்ளி, நீதிமன்றம், பாதுகாப்புச் சோதனை உள்ள இடங்களுக்குக் கத்தியோடு போகாதீர்கள். தற்காப்புக்கு என்று நினைத்தும் சுமக்காதீர்கள். பல நாடுகளில் அந்த எண்ணமே கருவியை ஆயுதமாக்கிவிடும். கைகலப்பில் விரியும் சிறு கத்தி முதலில் வெட்டுவது பெரும்பாலும் சொந்த விரலைத்தான். அந்த நேரத்திலும் டார்ச்தான் உதவும். வழியைக் காட்டும், ஓடலாம்.

விமானப் பயணத்தில் இரண்டு விதிகள் எதிரெதிராக நிற்கின்றன. கத்தியும் கத்தியுள்ள மல்டி டூலும் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரி அந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆள் இல்லை என்பதால் அது உங்களோடு மேலே வர வேண்டும். என் தந்தை கொடுத்த பேனாக்கத்தி ஒன்று, சாவிக்கொத்தோடு மறந்து எடுத்துப்போனதால், ஒரு விமான நிலையச் சோதனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்தது. திரும்பப் பெற வழியில்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு முந்தைய இரவே சாவிக்கொத்திலிருந்து கத்தியைக் கழற்றி, வீட்டுக் கதவின் உள்பக்கக் கொக்கியில் மாட்டிவிடுகிறேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கை முதலில் அங்கேதான் போகிறது.